இரைப்பைக் குமிழி தெரிந்தால் "குடல் நார்மல்" என்று எழுதிவிடலாமா?

செம்பூர்ப் புதுசு | 3 ஜூன், இரவு 9.50

அனாமலி ஸ்கேனில் (20 வாரம் போலக் கருவின் உறுப்புக் குறைகளைத் தேடும் ஸ்கேன்) கருவின் வயிற்றுக்கு நான் சேமிப்பது மூன்று படம்: சுற்றளவு அளக்கும் குறுக்குவெட்டில் இரைப்பை, தொப்புள்கொடி வந்து சேரும் இடம், மூத்திரப்பை. மூன்றும் ஒழுங்காக இருந்தால் ரிப்போர்ட்டில் "ஜி.ஐ. டிராக்ட் (செரிமானப் பாதை) நார்மல்". இரைப்பையில் தண்ணீர் கறுப்பாகத் தெரிகிறது என்றால் கரு விழுங்குகிறது, உணவுக்குழல் திறந்திருக்கிறது, கதை முடிந்தது. குடலுக்கென்று தனியாக ஐந்து நிமிஷம் ஒதுக்கு என்று கருத்தரங்கில் சொல்வதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பது என் கட்சி. வெளியே இருபது பேர் உட்கார்ந்திருக்கும் சென்டரில் யாருக்கு நேரம்?

குறுக்குவெட்டு | 3 ஜூன், இரவு 10.35

மூன்று படமும் வேண்டும். அதை வைத்து நீங்கள் இறக்கும் தீர்ப்பில்தான் தகராறு.

உணவுக்குழல் அடைப்புகளில் 100-க்கு 85 போல, மேல்பாதி முட்டுச்சந்தாக நின்றுவிட்டாலும் கீழ்ப்பாதி மூச்சுக்குழலோடு ஒட்டித் திறந்திருக்கும். அந்தக் குறுக்கு வழியில் நீர் இரைப்பைக்குப் போய்ச் சேரும், குமிழியும் தெரியும். ஆகவே குமிழி உணவுக்குழலுக்குத் தரும் நற்சான்று செல்லாது. அதற்குக் கீழே டியோடினம் (சிறுகுடலின் முதல் பகுதி) அடைப்பு 20 வாரத்தில் பெரும்பாலும் தெரியாது. இன்னும் கீழே போகப் போக இன்னும் தாமதம்.

காரணம் எளிது. காலிக் குடல் சுருங்கி ஒட்டிக்கிடக்கும் குழாய். விழுங்கிய நீர் வந்து தேங்கினால்தான் அடைப்புக்கு மேற்பக்கம் புடைக்கும். பேறுகாலம் நெருங்கும்போது கரு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் விழுங்குகிறது. 20 வாரத்தில் அதில் மிகச் சிறு பங்குதான். தேங்க எதுவும் இல்லாதபோது எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது? எந்த வாரத்தில் பார்த்தோம் என்பதே குடலுக்குப் பாதி ரிப்போர்ட்.

குறுக்குவெட்டு | 3 ஜூன், இரவு 10.41

சுரைக்காய்க்குத் தனியாக வருகிறேன்.

செம்பூர்ப் புதுசு | 4 ஜூன், காலை 7.10

குமிழி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 20 வாரத்தில் தெரியாது என்று நீங்களே சொல்லிவிட்டு, அதே 20 வாரத்தில் ஐந்து நிமிஷம் தேடு என்றால் என்ன நியாயம்? இன்னொன்று: நடுக்குடல் 12 வாரத்துக்குள் உள்ளே திரும்பிவிடும் என்கிறார்கள். கருவியல் புத்தகத்தில் 10 என்று போட்டிருக்கிறதே?

குறுக்குவெட்டு | 4 ஜூன், மதியம் 1.20

இரண்டாவது கேள்வி முதலில். புத்தகம் கரு உண்டான நாளிலிருந்து எண்ணுகிறது, நாம் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுகிறோம். இரண்டு வார வித்தியாசம். புத்தகத்தின் 6, நம்முடைய 8. புத்தகத்தின் 10, நம்முடைய 12. வைவாவில் (வாய்மொழித் தேர்வு) மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

நம் கணக்கில் 8-வது வாரம் போல நடுக்குடல் வயிற்றில் இடம் போதாமல் தொப்புள்கொடியின் அடிப்பகுதிக்குள் பிதுங்குகிறது. குடலுக்கு ரத்தம் தரும் மேல் மெசென்டெரிக் தமனியை அச்சாகக்கொண்டு மொத்தம் 270 பாகை இடஞ்சுழியாகத் திரும்பி, 12-வது வாரத்துக்குள் உள்ளே வந்துவிடும். அதனால் என்.டி. ஸ்கேனில் (மூன்றாம் மாத ஸ்கேன்) சி.ஆர்.எல்., அதாவது கருவின் உச்சி முதல் பிட்டம் வரை நீளம், 48, 50 மி.மீ. இருக்கும்போது கொடியின் அடியில் சின்னதாக வெள்ளைப் பிதுக்கம் தெரிந்தால் உடனே "எக்ஸாம்ஃபலோஸ்" (வயிற்று உறுப்பு ஓர் உறைக்குள் கொடியில் பிதுங்கி நிற்கும் குறைபாடு) என்று எழுதாதீர்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டுப் பாருங்கள். ஒரு விதிவிலக்கு: கல்லீரல் இயல்பாக வெளியே போகவே போகாது. பிதுக்கத்தில் கல்லீரல் இருந்தால் வாரக்கணக்கு பார்க்க வேண்டாம், அது பிழைதான்.

கேஸ்ட்ரோஸ்கைசிஸ் (வயிற்றுச் சுவர் ஓட்டை வழியே குடல் வெளியே வருவது) வேறு ஜாதி. உறை கிடையாது. கொடி தன் இடத்தில் சரியாகச் சேர்ந்திருக்கும், அதன் பக்கத்தில், வழக்கமாக வலப்பக்கம், ஓட்டை. குடல் பனிநீரில் இடியாப்பச் சிக்கல்போல் மிதக்கும். எக்ஸாம்ஃபலோஸில் கொடி உறையின் மேலேயே வந்து சேரும். கலர் டாப்ளரைத் (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டுவது) தட்டினால் கொடி எங்கே நுழைகிறது என்று நொடியில் தெரியும். இந்தப் பிரிவினை முக்கியம்: எக்ஸாம்ஃபலோஸ் என்றால் டிரைசோமி 18, 13 (அந்த எண் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது) தேட வேண்டும், இதயத்தை மறுபடி பார்க்க வேண்டும். கேஸ்ட்ரோஸ்கைசிஸில் குரோமோசோம் பிழை அபூர்வம்.

மாட்டுங்கா மூத்தவர் | 4 ஜூன், மாலை 6.05

தம்பி சேமிக்கும் முதல் படத்தில் இரைப்பை கருவின் இடப்பக்கம்தான் இருக்கிறதா என்று எப்படித் தீர்மானிக்கிறார்? திரையில் இடப்பக்கம் இருப்பதை வைத்தா?

செம்பூர்ப் புதுசு | 4 ஜூன், மாலை 6.30

இதயத்தின் நுனியும் இரைப்பையும் ஒரே பக்கம் இருந்தால் சரி என்று விட்டுவிடுவேன் சார்.

குறுக்குவெட்டு | 4 ஜூன், இரவு 11.00

இரண்டும் சேர்ந்து வலப்பக்கம் இருந்தால்? அப்போதும் ஒரே பக்கம்தானே.

வலது கையை நீட்டுங்கள், அந்தக் கையே கரு என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல்கள் கருவின் தலைப்பக்கம், உள்ளங்கை கருவின் வயிற்றுப்பக்கம். கட்டை விரல் காட்டுவது கருவின் இடப்பக்கம். கரு தலைகீழாக இருந்தாலும் குறுக்கே கிடந்தாலும் கையை அப்படியே திருப்பிக்கொண்டால் போதும். முதலில் முதுகெலும்பும் தலையும் எங்கே என்று பார்த்துக் கையை வைக்க வேண்டும், பிறகுதான் இரைப்பையைத் தேட வேண்டும். இரைப்பையைப் பார்த்துவிட்டுக் கையைத் திருப்பினால் கை எப்போதும் சரியான பதிலையே சொல்லும்.

அதே வெட்டில் இன்னொன்றும் பாருங்கள். தொப்புள் சிரை கல்லீரலுக்குள் நுழைந்து இரைப்பையை விட்டு விலகி வலப்பக்கம் வளைய வேண்டும். இரைப்பையை நோக்கி வளைந்தால் அது, மறைந்திருக்க வேண்டிய வலது தொப்புள் சிரை தங்கிப்போனது. பித்தப்பை அந்தச் சிரைக்கு வலப்பக்கம் இருக்கும். சிரையையும் பித்தப்பையையும் குழப்பிக்கொண்டால் கலர் போடுங்கள். ஓடுவது சிரை, ஓடாதது பை.

குறுக்குவெட்டு | 5 ஜூன், காலை 6.40

இப்போது சுரைக்காய். 20 வாரத்தில் ஐந்து நிமிஷம் எதற்கு என்றால், அடைப்பைப் பிடிக்க அல்ல. இவை நான்கையும் பார்க்க. கருவின் வயிற்றை உதரவிதானத்திலிருந்து மூத்திரப்பை வரை குறுக்காக ஒரே சீராக இறக்கி ஒரு சினி லூப் (ஓடும் படம்). பிறகு இரைப்பைக்கு மேலே நெஞ்சு: இதயத்தின் நான்கறை வெட்டில் மகாதமனிக்கும் இடது மேலறைக்கும் நடுவே வெள்ளைப் புள்ளியாக உணவுக்குழல். நீளவாக்கில் அதுவே முதுகெலும்புக்கு முன்னால் தண்டவாளம்போல் இணைகோடுகள். மூன்றாவதாக, குடலின் வெண்மை எலும்போடு ஒப்பிட்டு. கடைசியாக, நீரின் அளவு.

ப்ரோபை (வயிற்றில் வைக்கும் ஸ்கேன் கருவி) அழுத்திப் பிடித்து ஓடவிடாமல், ஒரு இடத்தில் ஒரு நிமிஷம் சும்மா வைத்திருக்கவும் பழக வேண்டும். நிறுத்திவைத்த படத்தில் எல்லாக் குடலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

செம்பூர்ப் புதுசு | 5 ஜூன், இரவு 8.15

இரைப்பை தெரியவே இல்லை என்றால்?

குறுக்குவெட்டு | 5 ஜூன், இரவு 10.10

இப்போதுதான் காலி செய்திருக்கும். தாயை எழுந்து நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள், 30 முதல் 45 நிமிஷம் கழித்து மறுபடி. அப்போதும் இல்லை என்றால் நீரைப் பாருங்கள்.

நீர் குறைவு என்றால் விழுங்க எதுவும் இல்லை. சிறுநீரகங்களையும் பனிக்குடம் உடைந்திருக்கிறதா என்பதையும் தேடுங்கள், உணவுக்குழலைக் குற்றம் சொல்லாதீர்கள். நீர் அதிகம் என்றால் விழுங்கவில்லை அல்லது விழுங்கியது போகவில்லை. நீர் சரியாக இருந்து இரைப்பை மட்டும் காணோம் என்றால் நெஞ்சுக்குள் தேடுங்கள். உதரவிதானத்தில் ஓட்டை இருந்தால் இதயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், இதயம் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டிருக்கும்.

ஒரு முறை தெரியாததை வைத்துப் பெற்றோரிடம் எதையும் சொல்ல வேண்டாம். ஒன்றிரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தும் தெரியவில்லை என்றால்தான் பேச்சு. உணவுக்குழல் அடைப்பு என்று சந்தேகம் வலுத்தால் கழுத்தையும் மேல்நெஞ்சையும் நீளவாக்கில் வைத்துக் கரு விழுங்கும்வரை காத்திருங்கள். வாய் திறந்து நாக்கு அசையும், பிறகு மூச்சுக்குழலுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பை நிரம்பி, சற்று நின்று, மேல்நோக்கியே காலியாகும். முட்டுச்சந்து அது. சில நிமிஷம் பொறுமை வேண்டும், மூன்றாம் மும்மாதத்தில்தான் நன்றாகத் தெரியும்.

மாட்டுங்கா மூத்தவர் | 6 ஜூன், காலை 5.55

டபுள் பபிள் (டியோடினம் அடைப்பில் இரைப்பையும் டியோடினமும் புடைத்து இரண்டு குமிழியாகத் தெரிவது) பற்றி எழுதும்போது பொய்யான டபுள் பபிளை முதலில் எழுதவும். அதில்தான் வீணாகக் கண்ணீர் விடுகிறார்கள்.

குறுக்குவெட்டு | 6 ஜூன், இரவு 9.30

மூத்தவர் சொல்படி.

இரைப்பை 'ஜே' வடிவம். நடுவில் ஒரு மடிப்பு, இன்சிசூரா. வெட்டு சாய்ந்து அந்த மடிப்பைக் கடந்தால் ஒரே இரைப்பை இரண்டு குமிழியாகத் தெரியும். ப்ரோபைத் திருப்பி நேரான குறுக்குவெட்டுக்கு வாருங்கள்; இரண்டும் இடப்பக்கமே இருந்து ஒன்றாகிவிட்டால் பொய். உண்மையான இரண்டாவது குமிழி நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் இருக்கும். பித்தப்பையும் இரைப்பையும் ஒரே வெட்டில் வந்தாலும் இரண்டு குமிழிதான், கோலிடோகல் சிஸ்ட் (பித்தக்குழாய்க் கட்டி) இருந்தாலும் அப்படித்தான். தீர்ப்பு ஒன்றே: இரண்டு குமிழிக்கும் நடுவே பைலோரஸ் (இரைப்பையின் வெளிவாசல்) வழியாக நீர்த்தொடர்பை லூப்பில் காட்ட முடிகிறதா? காட்ட முடியாத டபுள் பபிள் ரிப்போர்ட்டுக்குள் வரக்கூடாது.

உண்மை என்று உறுதியானால் குரோமோசோம் பேச்சை அன்றே எடுங்கள். டியோடினம் அடைப்புள்ள கருக்களில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு டவுன் சின்ட்ரோம் இருக்கிறது. டியோடினத்தின் உள்வழி ஆரம்ப வாரங்களில் தூர்ந்து, பிறகு குடைந்து திறக்க வேண்டும். திறக்காமல் போனதுதான் இந்த அடைப்பு, அதாவது உருவாக்கத்திலேயே கோளாறு. ஜெஜுனம், இலியம் (சிறுகுடலின் நடு, கடைசிப் பகுதிகள்) அடைப்புகள் அப்படியல்ல. சரியாக உருவான குடலுக்குப் பிற்பாடு ரத்தம் நின்றுபோய் ஒரு துண்டு கருகியதால் வருபவை, அவற்றில் குரோமோசோம் பிழை அரிது. அடைப்பு எவ்வளவு மேலேயோ அவ்வளவு சீக்கிரமும் அதிகமாகவும் பனிநீர் ஏறும். ஆழமான பை 8 செ.மீ. தொட்டாலோ ஏ.எஃப்.ஐ. (நான்கு கால்பகுதிகளின் நீர் ஆழக் கூட்டல்) 25 செ.மீ. தொட்டாலோ நீர் அதிகம்தான். இலியத்தின் கடைசியில் அடைப்பு என்றால் நீர் சரியாகவே இருந்து ஏமாற்றும்.

செம்பூர்ப் புதுசு | 7 ஜூன், மதியம் 2.45

முந்தாநாள் நீங்கள் எழுதியபடி குடலின் வெண்மையை எலும்போடு ஒப்பிட ஆரம்பித்தேன். காலையிலிருந்து மூன்று எக்கோஜெனிக் பவல் (எலும்புபோல் வெளுத்த குடல்). இது எங்கள் ஏரியாத் தண்ணீரா, என் மெஷினா?

குறுக்குவெட்டு | 7 ஜூன், மதியம் 3.05

மெஷின். ஹார்மோனிக்ஸை (படத்தைப் பளிச்சென்று கூர்மையாக்கும் வசதி) அணைத்தீர்களா?

செம்பூர்ப் புதுசு | 7 ஜூன், மதியம் 3.07

இல்லை.

குறுக்குவெட்டு | 7 ஜூன், இரவு 9.00

தப்பு என் மேலும் உண்டு. வெண்மையைப் பார் என்று எழுதினேன், எப்படி என்று எழுதவில்லை.

எக்கோஜெனிக் என்று எழுதும் முன்: 5 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்குக் கீழான அலைவெண், ஹார்மோனிக்ஸ் அணைப்பு. பிறகு இடுப்பெலும்பும் குடலும் ஒரே ஆழத்தில் வரும் வெட்டில் கெய்னைக் (படத்தின் வெளிச்ச அளவு) கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். திரையில் எல்லாம் மங்கி எலும்பு மட்டும் மிஞ்சும் நேரத்தில் குடலும் கூடவே நின்றால் எக்கோஜெனிக். எலும்புக்கு முன்பே மறைந்தால் விட்டுவிடுங்கள். அதிக அலைவெண்ணிலும் ஹார்மோனிக்ஸிலும் ஒல்லியான தாயின் கருவில் எந்தக் குடலும் வெண்ணெய்போல் ஜொலிக்கும்.

இந்தச் சோதனையில் தப்பிப் பிழைத்தது நிஜம். காரணப் பட்டியல் நீளம்: விழுங்கிய ரத்தம் (ஆரம்ப மாதத்தில் ரத்தப்போக்கு இருந்ததா, ஆம்னியோ (ஊசியால் பனிநீர் எடுக்கும் சோதனை) செய்தார்களா என்று கேளுங்கள், இரைப்பைக்குள்ளும் கசடு தெரியலாம்), சி.எம்.வி. வைரஸ் தொற்று, டிரைசோமி 21 (டவுன் சின்ட்ரோம்), சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சுரப்புகள் கெட்டியாகும் பரம்பரை நோய்), நஞ்சுக்கொடி சோர்ந்து வளர்ச்சி பின்தங்குவது. எதுவுமே இல்லாமல் நல்லபடியாகப் பிறப்பவர்களே அதிகம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பற்றி ஒரு எச்சரிக்கை: ஐரோப்பியர்களிடம் பரவலாக உள்ள மரபணு மாற்றம் நம்மவர்களிடம் அந்த அளவு இல்லை. அதை மட்டும் தேடும் சின்ன பேனல் "இல்லை" என்று சொன்னால் அதற்குப் பொருள் குறைவு.

வெண்மையோடு வயிற்றுச் சுவரோரம், கல்லீரல் மேல் சுண்ணாம்புப் பொட்டுகளும் நீரும் சேர்ந்தால் குடல் ஓட்டையாகிக் காட்டுப்பீ வெளியே கசிந்திருக்கிறது. மெக்கோனியம் பெரிடொனைட்டிஸ்.

மாட்டுங்கா மூத்தவர் | 8 ஜூன், காலை 6.20

கீழ்க்கோடியை யாரும் பேசவில்லை. அனாமலி ஸ்கேனை ஊரில் "டார்கெட் ஸ்கேன்" என்கிறார்கள், ஆனால் நிஜமான டார்கெட்டை எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

குறுக்குவெட்டு | 8 ஜூன், இரவு 10.45

மூத்தவருக்குக் குசும்பு. ஆசனவாய் தெரியும் குறுக்குவெட்டில் நடுவே வெள்ளைப் புள்ளி (சளிச்சவ்வு), சுற்றிக் கறுப்பு வளையம் (தசை). டார்கெட் சைன். வளையம் இல்லாமல் வெள்ளைக் கோடு மட்டும் இருந்தாலோ எதுவுமே இல்லாவிட்டாலோ ஆசனவாய்க் குறைபாட்டைச் சந்தேகிக்கலாம். கீழ்வயிற்றில் குடலுக்கு உள்ளேயே உருளும் சுண்ணாம்புப் பொட்டுகள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்: மலக்குடல் சிறுநீர்ப் பாதையோடு சேர்ந்திருப்பதால் சிறுநீர் கலந்து மலம் கல்லாகிறது.

ஆனால் இந்த வெட்டு இந்தியாவில் கத்திமேல் நடை. நீங்கள் பார்க்கும் இடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்னால் பார்க்கக்கூடாத இடம். கருவின் பாலினம் பார்ப்பதற்கு எதிராக மகாராஷ்டிரம் 1988-லேயே தனிச்சட்டம் போட்டது, 1994-ல் மத்தியச் சட்டம். அந்தச் சட்டப்படி நிரப்பும் ஃபார்ம் எஃப்-இல் "பாலினத்தைக் கண்டறியவும் இல்லை, யாருக்கும் எவ்விதத்திலும் சொல்லவும் இல்லை" என்று கையெழுத்து போடுகிறோம். ஆகவே பின்பக்கமாக, திருவெலும்பிலிருந்து இறங்கி வாருங்கள். திரையின் அகலத்தைக் குறுக்கி வளையத்தை மட்டும் நிரப்புங்கள். தாய்க்கும் உறவினருக்கும் காட்டும் மானிட்டரை அந்த நேரம் அணைத்துவிடுங்கள். சந்தேகக் காரணம் இருந்தால் மட்டும் இந்த வெட்டு என்பது என் பழக்கம், எல்லோருக்கும் எடுக்க வேண்டியதில்லை.

குறுக்குவெட்டு | 8 ஜூன், இரவு 11.10

இதோடு ஒட்டியது. மூன்றாம் மும்மாதத்தில் கீழ்வயிற்றில் ஒரு நீர்க்கட்டி. குடல் இரட்டிப்புக் கட்டி என்றால் சுவர் இரண்டு அடுக்காக இருக்கும், உள்ளே வெள்ளை, வெளியே கறுப்பு. சில நேரம் அசையவும் செய்யும். இல்லையென்றால் சூலகக் கட்டியாகவும் இருக்கலாம். ஆனால் "சூலகக் கட்டி" என்று எழுதிய மறுகணம் பாலினத்தை எழுதிவிட்டீர்கள். "வயிற்றுக்குள் நீர்க்கட்டி, அளவு இவ்வளவு, சுவர் இப்படி" என்பதோடு நிறுத்துங்கள். குழந்தை அறுவை மருத்துவருக்கு அதுவே போதும்.

வெட்டித்தைப்பவர் | 9 ஜூன், காலை 8.00

போதும்தான். எங்களுக்கு ரிப்போர்ட்டில் வேண்டியது பெயர் சூட்டல் இல்லை. எத்தனை புடைத்த வளையம், எவ்வளவு விட்டம், அசைகிறதா, நீர் எவ்வளவு, வயிற்றில் திரவம் உண்டா, சுண்ணாம்பு உண்டா. புடைத்த குடல் திடீரென்று அசைவு நின்று, சுற்றி நீர் தெரிந்தால் முறுக்கிக்கொண்டதா என்று அன்றே போன் செய்யுங்கள், ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம்.

உணவுக்குழல் சந்தேகம் என்றால் ஒரே ஒரு வரி தடித்த எழுத்தில்: "பிறந்ததும் பால் தருமுன் குழாய் போட்டுப் பார்க்கவும்." அடைப்பு இருந்தால் குழாய் 10 செ.மீ. போல் போய் நின்றுவிடும். அந்த வரி இல்லாத குழந்தை முதல் பாலை மூச்சுக்குழலுக்கு வாங்கிக்கொண்டு எங்களிடம் வருகிறது.

பிரசவம் எங்கே என்பதையும் பேசுங்கள். மும்பையின் பரேலில் பிரசவ மருத்துவமனையும் குழந்தைகள் மருத்துவமனையும் ஒரே வளாகத்தில் இருக்கும் ஊர் இது. தொலைவில் விரார் பக்கம் பிரசவித்து ஆம்புலன்ஸில் வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையில் நிற்க வேண்டியதில்லை, அதுவும் ஜூலை மழையில்.

செம்பூர்ப் புதுசு | 9 ஜூன், இரவு 9.20

அப்படியானால் டியோடினம் அடைப்பு 28 வாரத்தில் தெரிந்தால் பெற்றோர் "ஏன் 20-ல் சொல்லவில்லை" என்று சண்டைக்கு வருவார்களே? கருக்கலைப்புக்கான சட்டக் கெடுவும் போய்விட்டதே?

குறுக்குவெட்டு | 9 ஜூன், இரவு 10.30

18, 20 வாரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற நம் பழக்கமே, 20 வாரக் கெடு இருந்த பழைய சட்டத்தின் நிழல் என்று எனக்குத் தோன்றும். 2021 திருத்தத்துக்குப் பிறகு கருவில் பெரிய குறைபாடு என்றால் 24 வாரத்துக்குப் பின்னும் மருத்துவ வாரியத்திடம் போக வழி உண்டு. ஆனால் தனித்த டியோடினம் அடைப்பு அந்தக் கதையே இல்லை. தைத்தால் சரியாகும், பெரும்பாலான குழந்தைகள் நன்றாக வளர்கிறார்கள். சண்டை வராமல் இருக்க 20 வார ரிப்போர்ட்டிலேயே எழுதுங்கள்: "இந்த வாரத்தில் தெரியக்கூடியவை இயல்பு. குடல் அடைப்புகள் பிற்பாடே வெளிப்படலாம். 28–32 வார வளர்ச்சி ஸ்கேனில் குடலை மறுபடி பார்க்கவும்." வாயாலும் சொல்லுங்கள்.

அந்த 32 வார ஸ்கேனில் எடை, நீர், டாப்ளர் என்று முடித்து எழுந்துவிடாதீர்கள். சிறுகுடல் வளையம் 7 மி.மீ. தாண்டினால் கவனியுங்கள். அது அசைந்து, உள்ளிருப்பது சுழன்றால் சிறுகுடல். ஓரமாகச் சட்டம் போட்டதுபோல் ஓடி, மடிப்பு மடிப்பாக, அசையாமல், உள்ளே சாம்பல் நிறம் என்றால் பெருங்குடல். பேறுகால நெருக்கத்தில் அது 18 மி.மீ. வரை போவது சகஜம், அதைப் புடைப்பு என்று எழுதிப் பயமுறுத்த வேண்டாம். முதுகோரம் நெளியும் குழாயைக் கண்டால் சிறுநீரகம் வரை பின்தொடருங்கள், புடைத்த யூரிட்டராக (சிறுநீர்க் குழாய்) இருக்கலாம்.

மாட்டுங்கா மூத்தவர் | 10 ஜூன், காலை 6.00

7 மி.மீ. உள்விட்டமா வெளிவிட்டமா?

குறுக்குவெட்டு | 10 ஜூன், காலை 6.50

உள்விட்டம். சுவரைச் சேர்க்காமல்.

செம்பூர்ப் புதுசு | 10 ஜூன், இரவு 9.40

ஹார்மோனிக்ஸை அணைத்துவிட்டு அந்த மூன்று பேரையும் திரும்பக் கூப்பிட்டேன். இரண்டு பேர் வந்தார்கள், இரண்டிலும் இடுப்பெலும்புக்கு முன்பே குடல் மறைந்துவிட்டது. மூன்றாமவர் நாளைக்கு வருகிறார்.